வசனம் கடைசியில் வரட்டும்

மொரிஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் ஒரு விருப்பப் பாடம். மொழிப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, 2012 முதல் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல் என்று பிரிந்து தத்தம் அறைகளுக்குப் போய்விடுவார்கள். என் அறைக்கு வருபவர்கள் வீட்டில் கிரியோல் பேசி, மற்றப் பாடங்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்து, தமிழைக் கோயிலிலும் என்னிடத்திலும் மட்டுமே கேட்பவர்கள். இந்தப் பிள்ளைகளைக் கொண்டுதான் ஆண்டு விழாவுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் ஒரு நாடகம் போட வேண்டியிருக்கிறது.

வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆசிரியர் நாலு பக்கம் வசனம் எழுதி, பாத்திரங்களைப் பங்கிட்டு, மனப்பாடம் செய்துவரச் சொல்வார். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். அப்போது ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். கண்ணகியாக வரும் சிறுமி 'தேரா மன்னா' என்று கண்சிவக்க முழங்கி அரங்கையே அதிரவைப்பாள். மேடையை விட்டு இறங்கியதும் 'தண்ணீர் வேண்டுமா?' என்று தமிழில் கேட்டால் விழிப்பாள். கைதட்டல் கிடைத்துவிடுவதால் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எனக்கு இது தமிழ் கற்பித்ததாகவும் தோன்றவில்லை, நாடகம் கற்பித்ததாகவும் தோன்றவில்லை.

நாடகப் பயிற்சி என்றாலே மனப்பாடம் என்னும் எண்ணத்துக்கு நம்மிடையே ஒரு பழைய மரபும் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையைப் போன்ற நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் தங்கியிருந்து, பாட்டையும் வசனத்தையும் வாத்தியாரிடம் பாடம் கேட்டார்கள். ஆனால் அவர்கள் பிறந்தது முதல் தமிழிலேயே வளர்ந்தவர்கள். நாள் முழுவதும் அதுவே அவர்களுடைய தொழில். வாரத்தில் சில பாடவேளை மட்டுமே தமிழோடு இருக்கும் பிள்ளைகளிடம் அந்த முறையை அப்படியே எடுத்துவருவது பொருந்தாது.

ஆகவே நான் வசனத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் கதை, பிறகு உடல், அதன் பிறகே பேச்சு. மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்கிறேன். இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. அதே தேர்க்காலில் தன் மகனும் மடியவேண்டும் என்று மன்னன் தீர்ப்பளிக்கிறான். பசுவுக்கு வசனமே கிடையாது என்பதால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு அது நல்ல பாத்திரம். பசுவாக நடித்த சிறுமி மணியடிக்கும் இடத்தில் முதலில் காற்றில் கையை அசைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு கயிற்றைச் சன்னல் கம்பி வழியாக வெளியே விட்டு, மறுமுனையை இரண்டு பையன்களிடம் கொடுத்து, இந்த முனையைப் பிடித்து இழுக்கும்படி அவளிடம் சொன்னேன். அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. தோள் குனிந்து, கால் பின்னுக்கு ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிறகு கயிற்றை எடுத்துவிட்டு மறுபடியும் செய்யச் சொன்னபோது அந்தக் கனம் அவள் முதுகிலேயே தங்கியிருந்தது. மணி எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர்களுக்குச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பேச்சுக்கு வருவோம். இங்கிலாந்தில் டோரத்தி ஹீத்கோட் என்ற நாடக ஆசிரியை வளர்த்தெடுத்த வழி ஒன்று உண்டு: ஆசிரியர் வெளியே நின்று ஆட்டுவிக்காமல், தாமும் ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து பிள்ளைகளிடம் உதவி கேட்பது. நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அமைச்சராகி, ஊர் மக்களாக அமர்ந்திருந்த பிள்ளைகளிடம், "மன்னர் என்னையே தேரை ஓட்டச் சொல்கிறார், நான் என்ன செய்வேன்?" என்று கேட்டேன். "லி பா ஜிஸ், மிஸ்!" என்று ஒருவன் கிரியோலில் கத்தினான். "நான் சோழ நாட்டுக்காரன், ஐயா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லையே" என்றேன். பக்கத்துப் பையனோடு குசுகுசுத்துவிட்டு, "நியாயம் இல்லை" என்றான். "பசு பாவம். இளவரசனும் பாவம்" என்றாள் ஒருத்தி. இன்னொருவன் எழுந்து நின்று, "தேர் ஓட்டாதே!" என்று எனக்கே ஆணையிட்டான். அமைச்சரிடம் அப்படிப் பேசலாமா என்று நான் முகத்தைச் சுளித்ததும், அவனுக்கு முன்னால் இருந்த சிறுமி "ஓட்டாதீர்கள்" என்று திருத்தினாள். இதே மரியாதைப் பன்மையைப் பயிற்சிப் புத்தகத்தில் நிரப்பச் சொன்னபோது பாதிப் பேருக்குத் தவறியது.

இப்படி வந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒழுங்குபடுத்தி, அதையே நாடகப் பிரதியாக்குகிறேன். தம் வாயிலிருந்து வந்த வரியைப் படிக்க அவர்களுக்கு ரோமன் எழுத்து தேவைப்படுவதில்லை. வரிகள் குட்டையானவைதான். ஆனால் அரங்கில் அமரும் பெற்றோரில் பலருக்கும் தமிழ் விளங்காது; அவர்களும் செயலைப் பார்த்தே கதையைப் பின்தொடர்கிறார்கள் என்பதால் அது குறையாகத் தெரிவதில்லை.

மைக் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பள்ளி விழாவில் நடுமேடையில் ஒரே மைக்கை நட்டுவிடுவார்கள். மன்னன், பசு, கன்று அத்தனை பேரும் ரேஷன் கடை வரிசைபோல வந்து நின்று அதில் பேசிவிட்டுப் போவார்கள். நாடகம் அங்கேயே முடிந்துவிடும். நான் மைக்கை ஓரமாக நகர்த்திக் கதை சொல்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஊர் மக்களின் வரிகளை எல்லோரும் சேர்ந்து சொல்வதால், சூலை, ஆகஸ்டில் அடிக்கும் காற்றிலும் திறந்த முற்றத்தின் கடைசி வரிசை வரை கேட்கிறது. உடைக்கு ஒரு துண்டும் அட்டைக் கிரீடமும் போதும். பட்டு வாங்கவேண்டாம் என்று பெற்றோரிடம் கெஞ்சித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

போட்டி என்று வந்தால் மட்டும் சிக்கல். நீண்ட வசனத்தைப் பிசகாமல் ஒப்பித்தால்தான் தமிழ் நன்றாக இருக்கிறது என்று கருதும் நடுவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அமைச்சரின் முறையீட்டை மட்டும் சற்றே நீட்டி எழுதி, ஆறாம் வகுப்பில் தமிழை விரும்பிப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்குமேல் நான் இறங்கி வருவதில்லை.