சிவப்புக் கோடு போட்ட ட்யூப்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மார்கழி பிறந்து உறைபனி கொட்ட ஆரம்பித்தால் இரண்டு சரக்கு வேகமாகப் போகும், ஒன்று இருமல் மருந்து, இன்னொன்று முகத்துக்குப் போடும் க்ரீம். குளிரில் தோல் காய்ந்து கன்னம் சொரசொரப்பாகி, உரிந்து, அப்புறம் அந்த இடமே கறுத்துப்போவது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் அம்மா காலத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு தை போகட்டும் என்று இருந்துவிடுவார்கள். இப்போது வருகிற பிள்ளைகளால் அப்படி இருக்க முடியவில்லை. போனில் ஒரு ட்யூபின் படத்தைக் காட்டி "அக்கா, இது இருக்கா?" என்று கேட்கிறார்கள். அதில் பையன்களும் நிறைய.

அந்தப் படத்தில் இருப்பது அழகு க்ரீம் இல்லை, மருந்து. நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், அதோடு மொமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்த கலவை. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்குத் தோல் டாக்டர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதிக்கொடுப்பது. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளுக்கு அதுவரை இருந்த சலுகையை எடுத்துவிட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதனால்தான் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது. இருந்தும் இது கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே கொடுக்கவில்லை என்றால் கீழே மேட்டுப்பாளையத்தில் எங்காவது வாங்கிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஹாஸ்டலில் யாரோ வைத்திருப்பார்கள்.

ஏன் இத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்றால், அது வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினையே. ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும், கல்லூரியில் நாலு பேர் என்னடி போடுகிறாய் என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் தோல் மெலிந்துவிடும், சிவப்பு நரம்பு தெரியும், கன்னத்தில் முடி வளரும், பரு கிளம்பும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் எரிந்து முன்னைவிட மோசமாகச் சிவந்துவிடும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே எடுத்துப் போடுவார்கள். எங்களிடம் ட்யூப் கேட்டு வருகிற பலர் அழகுக்காகக் கேட்கிற கட்டத்தையே தாண்டிவிட்டார்கள், எரிச்சல் நிற்பதற்காகக் கேட்கிறார்கள்.

என் சித்தி மகளுக்கு இதுதான் நடந்தது. சித்தி இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர், வெயிலில் நின்று நின்று இரண்டு கன்னத்திலும் மங்கு. டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூபில் பாதி மிச்சம், அலமாரியில் கிடந்தது. அம்மா முகம் தெளிந்ததைப் பார்த்திருந்த பெண், கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போகும்போது அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். அங்கே அவளிடம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஊட்டிப் பக்கமா? அங்க இருக்கறவங்க எல்லாம் ஆப்பிள் மாதிரி இருப்பாங்கன்னு நினைச்சோமே." சமவெளியில் இருப்பவர்களுக்கு மலை என்றால் சிவந்த கன்னம்தான் போல. தேயிலைக் காட்டிலும் கேரட் தோட்டத்திலும் நாள் முழுக்க நிற்கிற எங்கள் ஜனங்களை அவர்கள் பார்த்ததே இல்லை. குளிர் அடித்தால் வெயில் சுடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய மேகம் இருந்தாலும் கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். இந்த வெயிலில் அந்தக் க்ரீமைப் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? ட்ரெட்டினாயின் தோலை வெயிலுக்கு இன்னும் கூச வைக்கும். லீவில் வந்து அம்மாவோடு தோட்டத்தில் நின்ற அந்தப் பெண்ணின் முகம் சாயங்காலத்துக்குள் மிளகாய் பூசியதுபோல் ஆகிவிட்டது.

எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபமே வரவில்லை. அவளைச் சுற்றிப் பேசினவர்கள்மேல்தான் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "என்னடி இப்படிக் கறுத்துட்ட?" என்பார்கள். ஒல்லியாக இருந்தால் வீட்டில் சோறு போடுவதில்லையா, கொஞ்சம் சதை போட்டால் மாப்பிள்ளை எப்படி வருவான். பையன்களையும் விடுவதில்லை, மீசை வரலையா, காற்றடித்தால் பறந்துடுவியா என்று பதினெட்டு வயதுப் பையனை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு இலை போட்டதும் மறந்துவிடுவார்கள். அதைக் காதில் வாங்கினவன் மறக்க மாட்டான். அக்கறையில்தான் சொல்கிறோம் என்கிறார்கள், அக்கறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டு உடம்பு நல்லா இருக்கா என்று கேட்கலாமே.

இதன்மேல் வியாபாரமும் நடக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975ல் வந்தது, ஆண்களுக்கென்றே சிவப்பழகு க்ரீம் 2005ல் வந்தது. 2020ல் எதிர்ப்பு கிளம்பியபோது முன்னது க்ளோ அண்ட் லவ்லி ஆனது, அதே வருஷம் ஷாதி டாட் காம் என்ற வரன் தேடும் தளத்திலும் நிறம் பார்த்துத் தேடும் வசதியை எடுத்தார்கள். சரி, நல்லதுதான். (நான் சொல்லும் ஸ்டீராய்டு ட்யூப் வேறு, இந்தக் க்ரீம்கள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆனால் போனில் முகத்தை வெளுக்க வைக்கிற ஃபில்டர் அப்படியேதான் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் உள் ஆய்வு 2021ல் வெளியே வந்தபோது, தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் பார்த்தால் அது இன்னும் மோசமாகிறது என்று சொன்னது தெரிந்தது. ஃபில்டர் போட்ட தன் முகத்தையே நாள் முழுக்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்கிற பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

பேர் ஊர் இல்லாத க்ரீம்கள் இன்னும் பயங்கரம். 2023ல் நம் கூடலூரை அடுத்த மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில், சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை டாக்டர்கள் விசாரித்தபோது அவர்கள் முகம் வெளுக்கும் க்ரீம் போட்டது தெரிந்தது, அந்தக் க்ரீமில் இருந்த பாதரசம்தான் சிக்கல். கூடலூர்க்காரர்கள் வைத்தியத்துக்கு அந்தப் பக்கம்தான் இறங்குகிறார்கள், அதனால் இதைத் தூரத்து ஊர்ச் செய்தி என்று ஒதுக்க முடியாது.

போன பனிக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். தொப்பியைக் கண்வரை இறக்கி, மாஸ்க் போட்டிருந்தான். நசுங்கிச் சுருட்டிய காலி ட்யூபைக் கவுண்டரில் வைத்து இதே வேண்டும் என்றான். சீட்டு இருக்கா என்றேன். இல்லை. மாஸ்க்கை இறக்கிக் காட்டச் சொன்னதும் தயங்கி இறக்கினான், மூக்கோரத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, தாடையெல்லாம் சின்னச் சின்னப் பரு. "நிறுத்தினா எரியுதுக்கா, வேலைக்கு இன்டர்வியூ இருக்கு" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? ட்யூபைக் கொடுக்கவில்லை. இது உன் தப்பு இல்லை, ஆனால் டாக்டர்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினேன். போனானா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது போட்டுக்கொண்டிருந்தால் இதைச் செய்யுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டு எரிச்சலோடு போராட வேண்டாம், தோல் டாக்டரிடம் போங்கள், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் காசும் ஆகாது. எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார், சரியாகச் சில மாதம் ஆகலாம். பகலில் சன்ஸ்க்ரீன், குளித்ததும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், என் சித்தி மகளுக்கு அவ்வளவுதான் எழுதிக்கொடுத்தார்கள், எரிச்சல் இப்போது பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. முகத்தை நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை, வெளியே வரவே பிடிக்கவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது காலி ட்யூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், எந்த ஸ்டீராய்டு, எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.