நல்லூர் இராசதானியில் ஒரு நடை

நல்லூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கந்தசுவாமி கோயிலைக் கும்பிட்டுவிட்டு, கச்சானும் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் இருந்த மண் இது என்பது நடந்து பார்த்தால்தான் மனதில் உறைக்கும். போன திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த மச்சாளையும் அவளுடைய மகனையும் கூட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் பருத்தித்துறை வீதியில் நடந்தேன்.

முதலில் சங்கிலியன் தோப்பு. வீதியோரம் ஒரு வளைவு மட்டும் நிற்கிறது, பின்னால் வெறும் காணி. "அரண்மனை எங்க மாமா?" என்றான் பெடியன். "இந்தப் பக்கம்தான் இருந்ததாம்" என்பதற்கு மேல் என்னால் காட்ட ஒன்றுமில்லை. மந்திரிமனையும் சிதைந்துதான் கிடக்கிறது. இந்த இரண்டும் இன்று நிற்கும் வடிவில் ஒல்லாந்தர் காலத்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், எஞ்சியிருப்பது இவ்வளவுதான். இதையாவது ஒழுங்காகப் பேண வேண்டாமா?

யமுனா ஏரி எனக்குப் பிடித்த இடம். 'ப' வடிவில் கட்டிய கேணி. யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து கலந்ததாக ஊர்க்கதை. அங்கிருந்து முத்திரைச் சந்தி கிட்ட. சந்தியில் வாளேந்திய சங்கிலியன் சிலை, அருகே புனித யாகப்பர் தேவாலயம். பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது அந்தத் தேவாலயப் பக்கம் என்பார்கள். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்தார்கள். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் கோயிலையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பெடியன் சிலையை விட்டு நகர மறுத்தான்.

மலையோ குன்றோ இல்லாத ஊர் யாழ்ப்பாணம். இங்கே தலைநகருக்குக் காவல் தெய்வங்கள்தான். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். நாலு கோயிலிலும் இன்றைக்கும் பூசை நடக்கிறது. சட்டநாதரையும் வீரமாகாளியையும் கும்பிட்டோம். மற்ற இரண்டுக்கும் பிறகு ஓட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று, மச்சாளுக்குக் கால் வலி.

பின்னேரம் கந்தசுவாமி கோயில். 1734இல் ஒல்லாந்தர் ஆட்சியின்போது, இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவு என்ற இடத்தில் எழுப்பிய கோயில் இது. அந்தக் குடும்பமே இன்றும் நடத்துகிறது. மூலத்தானத்தில் வேல்தான். வெளிவீதி மணலில் காலையில் ஆண்கள் உருண்டு பிரதட்டை பண்ணுவார்கள், பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பார்கள். அந்த மணலில்தான் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

சுவாமி புறப்படும் நேரம் கட்டியம், அதாவது உரத்துச் சொல்லும் புகழ்மொழி, கூறினார்கள். சமஸ்கிருத அடுக்குகளுக்கு நடுவே "ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு" என்ற பெயர் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யார் இந்தப் புவனேகபாகு? 1450 அளவில் தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசனுக்காக யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயா, நம்மவர் சொல்லும் செண்பகப் பெருமாள். வென்றவன் இங்கே முருகனுக்குக் கோயில் கட்டினான் என்பது மரபு. அவன் கட்டியது போயிற்று, அதை இடித்தவர்களும் போனார்கள், அவர்களுக்குப் பின் வந்த இரண்டு ஆட்சிகளும் போயின. அவன் பெயரை மட்டும் இந்தக் கோயில் விடவில்லை. எந்தச் சுவரையும் விட எனக்கு இதுதான் அரண்மனை. பெடியனுக்கும் அதைத்தான் சொன்னேன். "அப்ப சங்கிலியன்ட பெயரை ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வீட்டுக்குப் போகும் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு போனோம்.

வருவதென்றால் ஆவணி அமாவாசையோடு முடியும் அந்த 25 நாள் திருவிழாவுக்கு வாருங்கள். அருச்சனைச் சீட்டு 1 ரூபாய்தான். ஆண்கள் மேலாடை கழற்றித்தான் உள்ளே போகலாம். நல்லூரில் பூசை நேரம் பிசகாது, ஐந்து நிமிடம் பிந்தினாலும் கட்டியம் கேட்கக் கிடைக்காது.