பூண்டு, எண்ணெய், மிளகாய், அப்புறம் அந்தத் தண்ணீர்

இத்தாலியில் டுரின் நகரத்துக்குப் படிக்க வந்த புதிதில் எனக்குப் பாஸ்தா என்றால் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் எல்லாம் அரிந்து, கரம் மசாலா போட்டு வதக்கிச் செய்வதுதான். அதில் தப்பொன்றும் இல்லை, இப்போதும் பிடிக்கும், ஆனால் அரிந்து முடிக்கவே அரை மணி நேரம் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு லேபிலிருந்து பசியோடு வந்து நிற்கிறவளுக்கு அது சரிப்படாது. ஃபிரிட்ஜைத் திறந்தால் பாதி எலுமிச்சையும் ஒரு தயிர் டப்பாவும் இருக்கும். அப்படி ஒரு ராத்திரிதான், கூடவே அந்த வீட்டில் தங்கியிருந்த நேப்பிள்ஸ்காரப் பெண் "நீ உட்கார், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆல்யோ எ ஓல்யோ செய்து காட்டினாள். ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், உப்பு. இருந்தால் கொஞ்சம் பார்ஸ்லி இலை. அவ்வளவுதான் சாமான். அவர்கள் ஊர்ச் சமையல் இது, ஆனால் இத்தாலியில் எங்கே போனாலும் நள்ளிரவில் சிநேகிதர்கள் கூடிவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய்ச் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

அவள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பூண்டை எப்படி வறுக்கிறாள் என்பதில்தான் என் கண் இருந்தது, அவள் கண்ணோ முழுக்கப் பாத்திரத்துத் தண்ணீரில் இருந்தது. இந்தச் சமையலில் தண்ணீரும் ஒரு சாமான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

இத்தாலியில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு இது: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஆளுக்கு 80லிருந்து 100 கிராம் பாஸ்தா. இணையத்தில் நிறைய பேர் "கடல் தண்ணீர் போல உப்பாக இருக்கணும்" என்று எழுதுகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அந்த அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நான் இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி எடுத்தால், தண்ணீரை இரண்டு லிட்டருக்குப் பதிலாக ஒன்றரை லிட்டர்தான் வைப்பேன், உப்பு ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக. தண்ணீர் குறைந்தால் பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்து கெட்டியாக நிற்கும், நமக்கு வேண்டியதே அதுதான். சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கலாக வரும். அதைத் தொட்டியில் கொட்டிவிட்டால் சமையலில் பாதியைக் கொட்டிய மாதிரி.

தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஒட்டாமல் இருக்க என்று ஊற்றுவார்கள், அது மேலே மிதந்துகொண்டிருக்குமே தவிர உள்ளே கிடக்கிற ஸ்பகெட்டியை ஒன்றும் செய்யாது. போட்ட முதல் இரண்டு நிமிடம்தான் மேல்மாவு பிசுபிசுவென்று ஒட்டும், அப்போது நன்றாகக் கிளறிவிட்டாலே போதும். நீளமாக இருக்கிறது என்று ஸ்பகெட்டியை உடைத்தும் போட வேண்டாம், இதை நான் சொல்லவில்லை, அந்தப் பெண் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் உடைக்க மாட்டீர்கள். ஒரு நிமிடத்தில் அதுவே வளைந்து உள்ளே போய்விடும்.

தண்ணீர் சூடாகிற நேரத்தில் பூண்டு வேலை. நான்கைந்து பல் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அரிந்துகொள்ள வேண்டும். நசுக்கிப் போட்டால் காரம் தூக்கும், சீக்கிரம் கருகும், அதனால் எனக்கு வில்லைதான். அகலமான வாணலியில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, அது குளிர்ந்திருக்கும்போதே பூண்டைப் போட்டுவிட்டு அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் சுரீர் என்று போடுகிற கை நம்முடையது, இங்கே அந்தச் சத்தமே கேட்கக் கூடாது. சிம்மில் எண்ணெயும் பூண்டும் சேர்ந்து மெதுவாகச் சூடானால் பூண்டின் வாசனை முழுக்க எண்ணெயில் இறங்கும். சின்னச் சின்னக் குமிழி வரும், ஓரம் வெளிர்மஞ்சளாகும், அந்தக் கட்டத்தில் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உடனே பாஸ்தா வேகிற தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றிவிட வேண்டும். எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நின்று ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும், பூண்டு அதே நிறத்தில் நிற்கும். பழுப்பு நிறம் வந்துவிட்டால் கசப்புதான், அதற்கு மருந்து கிடையாது, எண்ணெயோடு கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது மேல்.

பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டாவது நிமிடம் இடுக்கியால் ஸ்பகெட்டியைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே வாணலிக்கு மாற்ற வேண்டும். வடிதட்டுக்கே வேலை இல்லை. அடுப்பைப் பெரிதாக்கி, இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, வாணலியை ஆட்டியும் புரட்டியும் இரண்டு நிமிடம். முதலில் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகத்தான் ஓடும், பார்த்தால் இது ஆகிற காரியமில்லை என்றுதான் தோன்றும். ஆட்ட ஆட்ட மாவுச்சத்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும், அடியில் ஓடிக்கொண்டிருந்தது பாலாடை நிறத்தில் கெட்டியாகி ஸ்பகெட்டியின் மேல் பூசிக்கொள்ளும். ரொம்ப இறுகிவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். தட்டில் போட்டபின் அடியில் எண்ணெய் தேங்கி நின்றால் இன்னும் ஆட்டியிருக்க வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் வைத்ததிலிருந்து தட்டுக்கு வரும் வரை இருபது நிமிடம் ஆகும், அதில் பாதி தண்ணீர் கொதிப்பதற்குக் காத்திருப்பது.

சீஸ் போடலாமா என்று கேட்டேன். "இதுலயா?" என்றாள், அதோடு பேச்சு முடிந்தது. அவள் ஊருக்குப் போன நாட்களில் நான் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூண்டு வாசனை அடங்கிப்போகும் என்பது நிஜம்.

2022இல் இத்தாலியில் காஸ் விலை எகிறிக்கொண்டிருந்த சமயம். ஜார்ஜோ பரிசி, அதற்கு முந்தின வருஷம் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர், தண்ணீர் கொதித்ததும் பாஸ்தாவைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும் என்ற யோசனையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். ஊரே இரண்டுபட்டது. பாஸ்தா ரப்பர் போல ஆகிவிடும் என்று சமையல்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எங்கள் வீட்டில் பில்லைப் பார்த்த கையோடு செய்து பார்த்தோம், நேப்பிள்ஸ்காரி அடுக்களைக்குள்ளேயே வரவில்லை. வேகத்தான் செய்தது. பாஸ்தா வேகத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, 80 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். மூடி சரியாகப் பொருந்தணும், நடுவில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, பாக்கெட்டில் சொன்னதைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக விடணும். அணைப்பதற்கு முன் அந்த முதல் இரண்டு நிமிடக் கிளறலை மட்டும் விட்டுவிட்டால் ஸ்பகெட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய ரகத்துக்கு இது நன்றாக ஒத்துவருகிறது, தடிமனானதுக்கு நான் அடுப்பை எரியவிட்டே செய்கிறேன்.

லீவுக்குத் திண்டுக்கல் போனபோது அம்மா அடுப்பிலும் இதைச் செய்தேன். அங்கே முதல் தேடல் பாக்கெட்தான். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டியூரம் என்கிற கெட்டிக் கோதுமை ரவையில்தான் செய்யணும் என்று 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அதனால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துத்தான் எடுக்கணும். மைதா கலந்தது என்றால் குழைந்துவிடும், வாணலியில் போட்டு ஆட்ட முடியாது. டியூரம் ரவை மட்டும் என்று எழுதியிருந்தால் விலை குறைந்த பிராண்டே போதும். மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல், மாவு தூவினதுபோல் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது, வெண்கல அச்சில் பிழிந்தது அப்படி இருக்கும், மாவுச்சத்தும் நிறைய விடும்.

பூண்டுக்கும் மிளகாய்க்கும் அங்கே பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே கொடைக்கானல் மலைப்பூண்டு, அது டுரின் பூண்டைவிடக் காரம், அதனால் மூன்று பல்லோடு நிறுத்திக்கொண்டேன். மிளகாய் ராமநாதபுரம் குண்டு, உடைத்து விதையை உதறிவிட்டுப் போட்டேன். ஆலிவ் எண்ணெய் விலைக்குப் பயந்து செக்குக் கடலை எண்ணெயில் ஒரு நாள் செய்தேன், வேறு ருசி, ஆனால் சேர்ந்தது. நல்லெண்ணெய் வேண்டாம், அது பூண்டையே அமுக்கிவிடும். பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி போட வேண்டாம் என்பதும் என் கட்சி, ஒன்றும் போடாமலே விடலாம்.

"என்னடி, கடுகு கூடப் போடல, வெறும் பூண்டும் மிளகாயுமா?" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கொஞ்சம் தயிர்சாதம் கேட்டார். தம்பி இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான்.

மிஞ்சினதை மறுநாள் சூடு பண்ணாதீர்கள், எண்ணெய் பிரிந்து, ஸ்பகெட்டி விறைத்துப்போய் நன்றாகவே இருக்காது. நேப்பிள்ஸில் மிஞ்சின பாஸ்தாவை முட்டையில் கலந்து அடையாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு பேர் அளவில் பாதி மிஞ்சினால் மூன்று முட்டை, கொஞ்சம் மிளகுத்தூள், உப்பு பார்த்துப் போடணும், ஏற்கெனவே அதில் இருக்கிறது. சீஸுக்கு இதில் தடை இல்லை. தோசைக்கல்லில் பரத்தாமல் சின்ன வாணலியில் தடிமனாக ஊற்றி, சிம்மில் மூடி வைத்து, அடி சிவந்ததும் தட்டைக் கவிழ்த்துப் புரட்டிப் போட்டு இன்னொரு பக்கமும் சிவக்க விடணும். ஆறினாலும் நன்றாக இருக்கும், துண்டு போட்டு லேபுக்கே மதியச் சாப்பாடாக எடுத்துப் போய்விடுவேன்.