ஏழு சர்வீஸ்கள்

திருச்செந்தூர் வட்டாரத்தில், செம்மணல் தேரியை ஒட்டிய ஓர் ஊர்த் திடலில் 1995 பொங்கல் விடுமுறையின்போது நடந்த வாலிபால் அரையிறுதியை இன்றும் பந்து பந்தாக என்னால் சொல்ல முடியும். அன்று என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். 2.43 மீட்டர் வலையின் மேல்விளிம்பு என் தலைக்கு மேல் இரண்டரை அடிக்கும் அதிகமான உயரத்தில் இருந்ததால், அடிப்பதற்கோ தடுப்பதற்கோ நான் பயன்பட மாட்டேன் என்பதில் எங்கள் அணியில் யாருக்கும் ஐயமில்லை. ஆறாவது ஆள் வேண்டுமே என்பதற்காகச் சேர்க்கப்பட்டவன் நான்.

மூன்றாவதும் கடைசியுமான செட்டில் 9–14 என்று பின்தங்கியிருந்தோம். அந்நாளில் எங்கள் ஊர்ப் போட்டிகளில் கடைசி செட்டிலும் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. மற்ற அணி பந்தை வென்றால் அதற்குச் சர்வீஸ் மட்டுமே கைமாறும். எதிரணிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு புள்ளி. எங்கள் அட்டாக்கர் ஓங்கி அடித்த பந்தில் சர்வீஸ் எங்கள் பக்கம் வந்தது. சுழற்சி முறைப்படி அடுத்து நான் போட வேண்டும். கூட்டத்தில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் தட்டி, கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுழலாமல் போகும் பந்து காற்றில் தள்ளாடும். அதிலும் எதிர்க்காற்று இருந்தால் திடீரென்று தொய்ந்து விழும். எட்டாவது புள்ளியில் பக்கம் மாறியிருந்ததால், வாடைக்காற்று அப்போது என் முகத்துக்கு நேராக வீசிக்கொண்டிருந்தது. அந்த நல்வாய்ப்பை நான் திட்டமிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பந்து அவர்களின் பின்வரிசை ஆட்டக்காரரின் முழங்கையில் பட்டு வெளியே ஓடியது. அடுத்த மூன்றில் அவர்களுக்கு ஒழுங்கான லிஃப்ட், அதாவது அடிப்பதற்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது, அமையவில்லை. வந்த எளிய பந்துகளை எங்கள் ஆட்கள் அடித்து முடித்தார்கள். ஐந்தாவது பந்து நேராக மண்ணில் இறங்கியபோது கணக்கு 14–14. இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்பதால் மேலும் இரண்டு சர்வீஸ்கள். பதினைந்தாவது புள்ளி எங்கள் பிளாக்கில் கிடைத்தது. ஏழாவது பந்தை மற்றவர் எடுப்பார் என்று இருவர் விலகி நிற்க, அது இருவருக்கும் நடுவில் விழுந்தது. சற்று முன் சிரித்த கூட்டம் என்னைத் தோளில் தூக்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் விதிகள் மாறின. 1998-இல் லிபரோ என்ற, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்கும் தனி ஆட்டக்காரர் வந்தார். என்னைப் போன்ற குள்ளனுக்கு உரிய இடம்தான், ஆனால் அவருக்குச் சர்வீஸ் போடும் உரிமை தரப்படவில்லை. பிறகு, யார் சர்வீஸ் போட்டாலும் பந்தை வென்றவருக்கே புள்ளி என்றாயிற்று.

அந்த அரையிறுதிக்கு மறுநாள் இறுதிப் போட்டியில் தோற்றோம். கடைசி செட்டில் நான் போட்ட சர்வீஸ் வலையின் மேல்விளிம்பை உரசி, எதிரணியின் களத்தில் மெதுவாக விழுந்தது. இன்றானால் புள்ளி, அன்று அது தவறு என்று நடுவர் ஊதிவிட்டார்.