மருமகனின் ரத்தக் கணக்கு: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 4

அண்ணனுக்கு ஷிப்ட், அண்ணி சின்னவளைப் பள்ளியில் விடவேண்டும். அதனால் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மருமகனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான். இவனுக்கு அரிவாள் செல் நோய்; சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, ரத்தக்குழாயை அடைத்து வலி கொடுக்கும் பரம்பரை நோய். அது உள்ள பிள்ளைகளுக்கு 2 வயது முதல் 16 வரை வருடாவருடம் எடுக்கும் மூளை ரத்தக்குழாய் ஸ்கேன். இவன் நான்காம் படிவம், 16 நடக்கிறது. அநேகமாக இதுவே கடைசி.

நெற்றிப்பொட்டில் ஜெல்லைத் தடவி, சின்னக் கருவியை அழுத்திப் பிடித்தார்கள். கொஞ்சம் சாய்த்ததும் ஸ்பீக்கரில் ‘வுஷ், வுஷ்’ என்று ரத்தம் ஓடும் சத்தம். திரையில் 152.

“வேகமா ஓடினா நல்லதுதானே அத்தை?”

தோட்டக் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்துப் பார் என்றேன். குழாய் சுருங்கினால் ரத்தம் சீறும். நொடிக்கு 170 செ.மீட்டருக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 200ஐத் தொட்டால் பக்கவாத ஆபத்து. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 200 தாண்டிய பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றியதில் பக்கவாதம் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. ஆபத்தை முன்கூட்டியே சொல்லி, தடுக்கவும் வழி காட்டும் சோதனை இந்த நோயில் இதுபோல் கிடைப்பது அரிது.

ஜூன் 8

அண்ணி பழைய போட்டோ ஆல்பத்தை எடுத்து வைத்திருந்தாள். 10 மாதக் குழந்தை, இரண்டு புறங்கையும் வீங்கிப்போய். அப்போது பூச்சிக்கடி என்று நினைத்துப் பத்துப் போட்டார்கள்.

2000இல் வந்த ஆய்வு ஒன்றில் 392 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, ஒரு வயதுக்குள் கை கால் வீக்கம், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே, கிருமித்தொற்று இல்லாமலே வெள்ளணு அதிகம் என்ற மூன்றும் பின்னால் வரும் தீவிரத்தைக் காட்டும் என்றார்கள். டெக்சஸில் வேறு குழந்தைகளிடம் பொருத்திப் பார்த்தபோது அது உதவவில்லை. அண்ணியிடம் இரண்டாவது பாதியை மட்டும் சொன்னேன். முதல் பாதியைச் சொன்னால் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே உருகிவிடுவாள்.

“இது ஆப்பிரிக்காக்காரன் நோயாச்சே” என்று பக்கத்து வீட்டு மாமா இன்றும் ஆரம்பித்தார். நீலகிரி மலைவாசிகளிடம் 1952லேயே கண்டுபிடித்தாயிற்று. எங்கள் பாட்டி வழி ஒடிசாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். அண்ணனுக்கு வந்தது அந்த வழியில். அண்ணி பக்கம் தலசீமியா, அதுவும் ஒரு பரம்பரை ரத்த நோய். இரண்டும் சேர்ந்து இவனிடம் இறங்கியிருக்கிறது.

ஜூன் 13

அண்ணன் வாட்ஸ்அப்பில் ரத்த ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தான். “ஹீமோகுளோபின் பரவாயில்லையே?” என்று கேள்வி. என் கண் அதில் நிற்கவில்லை. நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். முதலில் பார்ப்பது சிவப்பணுவின் சராசரி அளவை, எம்.சி.வி.யை. மார்ச்சில் 83. இப்போது 74.

மருமகனுக்குக் கொடுக்கும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. அதை ஒழுங்காகப் போட்டால் சிவப்பணு பெரிதாகும், பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் எஃப் கூடும். அந்த எஃப் இருக்கும் இடத்தில் அரிவாள் ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோத்துக்கொள்ள முடியாது. 1995இல் பெரியவர்களிடம் செய்த ஆய்விலேயே வலி வருவது பாதியளவுக்குக் குறைந்தது. இவன் எஃபும் இறங்கியிருக்கிறது. பையன் மருந்தை நிறுத்திவிட்டான்.

ஜூன் 15

வீட்டில் கேட்டால் அண்ணி அழுவாள். மாமாக் கடைக்குக் கூட்டிப்போனேன். தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டே, “போடுறேன் அத்தை” என்றான். 83ஐயும் 74ஐயும் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் ஸ்ட்ராவைத் திருகினான்.

“அது கேன்சர் மருந்து. கூகுள்ல போட்டிருக்கு. பிள்ளை பிறக்காதுன்னும் போட்டிருக்கு.”

இதை யாரிடம் கேட்பான்? அம்மாவிடமா? கேன்சருக்கும் அதே மருந்து உண்டு, அது உண்மை. இவனுக்குக் கொடுக்கும் அளவும் நோக்கமும் வேறு. விந்தணு எண்ணிக்கை குறையலாம் என்பதும் கற்பனையில்லை. அதை டாக்டரிடம் நேராகக் கேள், நான் கூட வருகிறேன் என்றேன்.

ஜூன் 19

உலக அரிவாள் செல் தினமாம். வார்டில் கழிந்தது.

மழையில் கால்பந்து, அப்புறம் டியூஷன் சென்டரின் ஏர்கோன். நள்ளிரவில் முதுகும் தொடையும். அவசரப் பிரிவில் ஒருவர் “உடம்பு வலிதானே, உட்காருங்க” என்றார். நான் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. மருந்தை விட்டதால்தான் வந்தது என்று ஒரு தடவையை வைத்துச் சொல்ல முடியாது. எந்த இரவில் வலி வரும் என்று சொல்ல எந்த மெஷினும் இல்லை.

ஆனால் வலியோடு படுத்தவனுக்கு நுரையீரல் சரியாக விரியாமல் மூச்சு திணறும் அபாயம் இருக்கிறது. அதை ஓரளவு தடுக்க முடியும். வார்டு மிஸ்ஸி (தாதி), பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். முதல் பந்து ஏறியது. இரண்டாவது பாதியில் நின்றது. சாயங்காலம் மூன்றாவதும் அசைந்தது. காய்ச்சல் வரவில்லை.

ஜூன் 22

வீடு திரும்பியாயிற்று. அண்ணன் கேட்டான்: “18க்கு அப்புறம் பெரியவங்க கிளினிக்குக்கு மாத்திடுவாங்களே?” அமெரிக்காவில் இறப்பு கூடுவது இந்த இடைவெளியில்தான். குழந்தைகள் வார்டில் ஒவ்வொருவரும் கூப்பிட்டு நினைவூட்டுவார்கள். பெரியவர்கள் பக்கம் போனால் இவனாகத்தான் போகவேண்டும். 10 வயதிலிருந்து பார்க்கவேண்டிய கண் சோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், எல்லாவற்றுக்கும் தேதி யார் கையில் இருக்கிறது? அண்ணி கையில். ஒரு பச்சை ஃபைல்.

ஜூன் 26

கிளினிக். ஃபைலை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். டாக்டர் கூப்பிட்டதும் எழுந்தேன். “நீங்க இங்கேயே உட்காருங்க அத்தை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். வெகுநேரம் கழித்து வந்தான். அண்ணி போன் போட்டு என்ன பேசினான் என்று துளைத்தாள், எனக்கே தெரியாது. மருந்துச் சீட்டில் ஹைட்ராக்ஸியூரியா இருந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆகஸ்டில்.