ஓபன் வாட்டர் இரண்டாம் முயற்சியில் முடித்தேன்: சளியோடு கடலில் இறங்குவோருக்கு

நேற்று மாலை ஓபன் வாட்டர் சான்றிதழ், அதாவது ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைச் சான்றிதழ், மின்னஞ்சலில் வந்தது. ஏழு மாதமாக மனதில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. முதல் முயற்சி அந்தமானின் ஸ்வராஜ் தீவில், மூன்றாவது கடல் டைவில் நின்றுபோனது. மேலே வரும் வழியில், ஆறு மீட்டரில், என் வலது செவிப்பறை கிழிந்தது.

எழுத்துத் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம். 50 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் போதும். புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் தோற்பதில்லை. மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவது முதல் நாள் பயமுறுத்தும், மூன்றாம் நாள் பழகிவிடும். நான் எழுத உட்கார்ந்தது காதைப் பற்றி.

அன்று காலை எனக்கு மூக்கடைப்பு. விடுப்பு முடிய இரண்டு நாள்தான் இருந்தது, விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பயிற்சியாளரிடம் வாய் திறக்காமல் படகில் ஏறினேன். இறங்கும்போது இரண்டு காதும் அருமையாகத் திறந்தன. 14 மீட்டர் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதுதான் வினை. கீழே இருக்கும்போதே மாத்திரையின் வீரியம் குறைந்து, மூக்குக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் மறுபடி வீங்கி அடைத்துக்கொண்டது. ஏறும்போது நடுக்காதில் இருந்த காற்று விரியத் தொடங்கியது, வெளியேற வழியில்லை. பாடத்தில் 'ரிவர்ஸ் பிளாக்' என்று ஒரு பத்தியில் வரும். நானும் படித்திருந்தேன்.

வலி ஊசி குத்துவதுபோல் வந்தது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து "சரியா?" என்று சைகை காட்டினார். நான் விரலை வளைத்து "சரி" காட்டினேன். கூட இருந்த மூவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற கூச்சம். அப்புறம் இறங்கும்போது செய்கிற மாதிரியே மூக்கைப் பிடித்து ஊதினேன். ஏற்கெனவே காற்று மிஞ்சி நிற்கும் இடத்தில் இன்னும் காற்றைத் தள்ளினேன். உள்ளே 'டப்' என்றது, வலி போய்விட்டது. அடுத்த நொடி குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து கடல் முழுக்கச் சுற்றியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. வாயில் கடித்து மூச்சுவிடும் ரெகுலேட்டருக்குள்ளேயே வாந்தி.

பயிற்சியாளர் நான் அணிந்திருந்த மிதவைச் சட்டையை (பிசிடி) பிடித்து நங்கூரக் கயிற்றோடு சேர்த்து அழுத்தினார். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்க விடாமல் கையால் தாங்கிக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்திருக்காவிட்டால் நான் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்திருப்பேன். நுரையீரல் கிழிய அது போதும். புகுந்த நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் சுற்றல் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று அவர் பின்னால் சொன்னார். எனக்கு அது மிக நீண்ட நேரம்.

கற்றுக்கொண்டவை:

- சளி என்றால் அன்று டைவ் கிடையாது. மாத்திரை போட்டும் வேண்டாம். பணம், டிக்கெட், விடுப்பு எதற்காகவும் வேண்டாம்.
- இறங்கும்போது வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தலை நீருக்குள் போனதுமே தொடங்கி, அடிக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதின் அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள். முதல் பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிறது. காதுக்குச் சோதனை அங்கேதான்.
- ஏறும்போது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊதவே கூடாது. நின்று, அரை மீட்டரோ ஒரு மீட்டரோ கீழே இறங்கி, எச்சில் விழுங்கி, தாடையை அசைத்து, பிறகு மெல்ல ஏறுங்கள்.
- தலை சுற்றினால் கயிற்றையோ பக்கத்தில் இருப்பவரையோ பிடித்துக்கொள்ளுங்கள். குமிழி போகும் திசைதான் மேலே.
- வாந்தி வந்தால் ரெகுலேட்டருக்குள்ளேயே எடுங்கள். பிறகு பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்யலாம்.
- காதில் ரத்தமோ நீரோ வந்தால் சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள். நேராகக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்.

எல்லாவற்றையும் மறந்தாலும் ஒரு சைகையை மட்டும் மறக்காதீர்கள்: உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காதைத் தொட்டுக் காட்டுவது. எங்கள் குளப் பயிற்சியில் அதை ஒரே தடவைதான் செய்தோம். நீங்கள் வீட்டில் கண்ணாடி முன்னால் ஐம்பது தடவை செய்யுங்கள். என்னைப் போல யாரிடமும் 'இல்லை' சொல்லத் தயங்குகிறவர்களுக்கு இது நீச்சலைவிட முக்கியம்.

செவிப்பறை தானாகவே மூடியது, இரண்டு மாதம் பிடித்தது. கேட்கும் திறன் சோதனை முடிந்து மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகே மறுபடி பதிவு செய்தேன். பாதியில் நின்றால், முடித்த பயிற்சிகளைக் குறித்த ரெஃபரல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பேடி (டைவிங் பயிற்சி அமைப்பு) படிவம் 12 மாதம் செல்லும். எனக்கு முதல் இரண்டு டைவும் கணக்கில் வந்தன.

இந்தத் தடவை மூன்றாவது டைவில், நான்கு மீட்டரில் வலது காது மறுத்தது. கையை ஆட்டினேன், காதைக் காட்டினேன். எல்லாரும் கயிற்றில் நின்றார்கள். ஒரு மீட்டர் ஏறி, விழுங்கி, மறுபடி இறங்கி, அடி மணலைத் தொட எட்டு நிமிடம் ஆயிற்று. படகில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.