டூலின் சாய்வைக் கூட்டினால் அதன் பின் (pin) குட்டையாகும்

6 மி.மீ. 6061-டி6 அலுமினியப் பிளேட்டுகளை முனையோடு முனை சேர்த்து ஃபிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங் செய்கிறீர்கள், அதாவது சுழலும் டூலின் உராய்வுச் சூட்டில் உலோகத்தை உருக்காமல் கலக்கி இணைக்கிறீர்கள். குறை தெரிந்தால் உடனே ஆர்.பி.எம்.மை மாற்றாதீர்கள். முதலில் டூல் எவ்வளவு ஆழம் போகிறது என்று கணக்குப் போடுங்கள்.

ஹெச்13 என்ற டூல் ஸ்டீலில் 18 மி.மீ. விட்டமுள்ள ஷோல்டர் (பிளேட்டின் மேல் அழுத்தும் அகலப் பகுதி), 6 மி.மீ. விட்டமும் 5.8 மி.மீ. நீளமும் உள்ள பின் (அதிலிருந்து நீண்டு பிளேட்டுக்குள் போகும் முளை) என்று வைத்துக்கொள்வோம். டூலை 2 டிகிரி சாய்த்தால், ஷோல்டரின் வால்பக்க விளிம்பு (நகரும் திசைக்குப் பின்பக்கம்) அதன் மையத்தைவிட 0.31 மி.மீ. கீழே இறங்கும். அந்த விளிம்பை 0.2 மி.மீ. பிளேட்டுக்குள் அழுத்தினாலும் ஷோல்டரின் மையம் பிளேட்டுக்கு 0.11 மி.மீ. மேலேதான் நிற்கும், பின் நுனியின் மையம் சுமார் 5.68 மி.மீ. வரைதான் போகும். மேற்பரப்பு அழகாக வரட்டும் என்று சாய்வை 3 டிகிரியாக்கினால் அது சுமார் 5.52 ஆகிவிடும். மேலே பளபளப்பு, அடியில் கலக்காத கோடு! எக்ஸ்ரேயில் இது எளிதில் சிக்காது. அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளைத்துப் பாருங்கள், கோடு நெடுகப் பிளக்கும்.

சாதாரண மில்லிங் மெஷினில் இன்னொரு வம்பு. அழுத்த விசை பல கிலோநியூட்டன் வருவதால் ஹெட் மேலே நெளியும். டிஸ்பிளே 0.2 என்று காட்டும், உண்மையில் அவ்வளவு இறங்கியிருக்காது. ஷோல்டர் தடம் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பதிந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஃபிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் உலோகம்) சுருள் சுருளாக வந்தால் அதிகம் இறக்கிவிட்டீர்கள்.

ஆழம் சரியான பிறகு வேகம். 1000 ஆர்.பி.எம்., நிமிடத்துக்கு 200 மி.மீ. என்று தொடங்கலாம், சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்வு. மேற்பரப்பில் உள்ள வளையங்களின் இடைவெளியே அதைச் சொல்லும். டனல் (வெல்டுக்குள் நீளமாக ஓடும் வெற்றிடம்) விழும்வரை நகர்வைக் கூட்டிப் பார்த்து, பிறகு கொஞ்சம் குறையுங்கள். மெதுவாகப் போவது பாதுகாப்பு என்று நினைப்பது 6061-இல் தப்பு. சூடு நெடுநேரம் நின்றால் மக்னீசியம் சிலிசைடு துகள்கள் பருத்து, வெல்டுக்கு இருபுறமும் வலு குறைந்த மெத்துப் பட்டை அகலமாகும். இழுவைச் சோதனையில் அங்கேதான் அறும். டனல் பெரும்பாலும் அட்வான்சிங் பக்கம், அதாவது டூலின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் இருக்கும் பக்கம் வரும். குறுக்கே வெட்டி அங்கே பாருங்கள்.

மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் வலஞ்சுழியா? பின்னில் இடது மரை இருக்க வேண்டும். வலது மரை உலோகத்தை மேலே தள்ளிவிடும். அப்புறம் எந்த செட்டிங்கும் உதவாது.